பழைய பூட்லோடருக்குக் கதவைச் சாத்தலாமா?

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் குடியிருக்கும் பயாஸ்தான் முதலில் எழுந்திருக்கும். (புதிய கணினிகளில் அதன் பெயர் யூஈஎஃப்ஐ.) அது பூட்லோடர் என்ற சின்ன நிரலை எழுப்பிவிடும். அந்தப் பூட்லோடர் ஹார்டுடிஸ்கில் கெர்னல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, மெமரியில் ஏற்றி வைத்துவிட்டு, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளும். க்ரப், லிலோ, சிஸ்லினக்ஸ் எல்லாம் இந்த ஜாதி.

ஒதுங்குவதற்கு முன் அது ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டுப் போகும். இரவுக் காவலாளி பகல் காவலாளிக்கு எழுதி வைத்துவிட்டுப் போவாரே, அந்த மாதிரி. இந்தக் கணினியில் மெமரி எவ்வளவு, அதில் எந்தப் பகுதியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது. திரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது. உரிமையாளர் கெர்னலுக்குத் தந்த கட்டளை வரி என்ன. ஆரம்ப வேலைகளுக்கான கோப்பு மூட்டை மெமரியில் எந்த இடத்தில் இறக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு எண் பிசகினாலும் கெர்னல் எழுந்திருக்காமல் போகலாம். கறுப்புத் திரை, அவ்வளவுதான். பிழைச் செய்தி காட்டலாமே என்றால், எந்தத் திரையில் காட்டுவது என்பதே அந்தச் சீட்டில்தான் எழுதியிருக்கிறது!

சீட்டை எழுதுபவர் வேறு, படிப்பவர் வேறு என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பூட்லோடரை யாரோ ஒருவர் என்றோ எழுதியிருப்பார். கெர்னலோ இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பூட்லோடர் எழுதிய சீட்டைப் புதிய கெர்னல் இன்னும் படித்துத்தான் ஆக வேண்டுமா? "பழையதைத் தூக்கிப் போடுங்கள், நிரல் சுத்தமாகும், பூட்லோடரைப் புதுப்பித்துக்கொள்ளட்டும்" என்கிறது ஒரு கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சீட்டைப் படிக்கத்தான் வேண்டும். படிக்கிற வேலை முழுவதையும் வாசலிலேயே முடித்துவிட வேண்டும் என்பது மட்டுமே இதற்கான நிபந்தனை. லினக்ஸின் வரலாறே இதற்குச் சாட்சி சொல்கிறது.

முதலில் இன்டெல் வகைக் கணினிகளை எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் அந்தச் சீட்டு 4096 பைட் உள்ள ஒரு படிவம். பூஜ்ஜியப் பக்கம் என்று அதற்குச் செல்லப் பெயர். ஆரம்ப நாட்களில் அதற்குப் பெரிய இலக்கணம் எதுவும் கிடையாது. கெர்னலையே ஃப்ளாப்பியில் எழுதி நேராக பூட் செய்த காலம் அது. 1996-இல் வந்த 1.3.73 கெர்னலில்தான் பூட் நெறிமுறை 2.00 என்று ஒழுங்கான ஒப்பந்தம் ஒன்று பிறந்தது. கெர்னல் கோப்பின் 514-வது பைட்டில் ஹெச், டி, ஆர், எஸ் என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் புது வகை, இல்லாவிட்டால் அதற்கு முந்தைய பழைய வகை. 2020 ஜனவரியில் வெளியான 5.5 கெர்னலில் இந்த நெறிமுறையின் எண் 2.15. கிட்டத்தட்ட 24 வருடத்தில் கட்டங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஆனால் ஏற்கெனவே இருந்த கட்டத்தை எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. புதுக் கட்டம் வேண்டுமா, கடைசியில் சேர், பதிப்பு எண்ணை ஏற்று. பழைய பூட்லோடர் தனக்குத் தெரிந்த கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டுப் போகும். மீதி பூஜ்ஜியமாக இருக்கும். பூஜ்ஜியம் என்றால் 'தெரியாது' என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சுவையான கட்டம் உண்டு. கெர்னலின் ஆரம்பப் பகுதி டிஸ்கில் எத்தனை செக்டர் என்று சொல்லும் கட்டம் அது. ரொம்பப் பழைய கெர்னல்களில் அது எப்போதும் 4 தான், எனவே எழுதி வைக்கும் அவசியமே இருக்கவில்லை. அதனால் இன்று வரை ஆவணத்தில் ஒரு விதி இருக்கிறது: அந்தக் கட்டத்தில் 0 இருந்தால் 4 என்று படித்துக்கொள்ளவும். கணக்கு வாத்தியார் பார்த்தால் அடிப்பார்! ஆனால் இந்த விதியைக் காப்பாற்ற ஆகும் செலவு ஒரே ஒரு 'இஃப்' வரி. பழைய தரவைச் சுமப்பது பெரும் பாரம் என்று புலம்புகிறவர்கள் இப்படிப்பட்ட வரிகளை எண்ணிப் பார்த்ததுண்டா என்பது சந்தேகமே.

ஒழுங்காக எழுதிய சீட்டு இப்படி. ஒழுங்கில்லாமல் எழுதினால்? விதிப்படி பூட்லோடர் 4096 பைட்டையும் முதலில் பூஜ்ஜியமாக்க வேண்டும். பிறகு கெர்னல் கோப்பின் 497-வது பைட்டில் தொடங்கும் தலைப்பகுதியை மட்டும் அதில் நகல் எடுக்க வேண்டும். சில பூட்லோடர்கள் சோம்பலில் கோப்பின் முதல் பைட்டிலிருந்தே மொத்தமாக நகல் எடுத்துவிடும். அல்லது பூஜ்ஜியமாக்காமலே விட்டுவிடும். விளைவு, காலியாக இருக்க வேண்டிய கட்டங்களில் குப்பை. நெடுநாள் இதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டங்களைக் கெர்னல் படிக்கவே இல்லை. புதுக் கெர்னல் படிக்கத் தொடங்கிய அன்று குட்டு வெளிப்பட்டது.

2013-இன் தொடக்கத்தில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். கெர்னல் கோப்பின் 495-வது பைட்டில், அதாவது நகல் எடுக்க வேண்டிய பகுதிக்குச் சற்று முன்னால், வேண்டுமென்றே 255 என்ற எண்ணை வைத்தார்கள். ஒழுங்கான பூட்லோடர் அந்த இடத்தை நகல் எடுக்காது, படிவத்தில் அந்தப் பைட் பூஜ்ஜியமாகவே இருக்கும். சோம்பேறிப் பூட்லோடர் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிடும். கெர்னல் அந்த ஒரு பைட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். "நீ விதியை மீறிவிட்டாய்" என்று சொல்லி நின்றுவிடவில்லை. நம்ப முடியாத கட்டங்களைத் துடைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, நம்பக்கூடியவற்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. எந்தெந்தக் கட்டங்களைத் துடைப்பது என்ற பட்டியல் கேஎக்ஸெக் கருவிகளை ஆராய்ந்து எடுக்கப்பட்டது என்று நிரலில் உள்ள குறிப்பே சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கெர்னலிலிருந்து இன்னொரு கெர்னலை எழுப்புவது கேஎக்ஸெக். அதாவது தப்பு செய்தது எங்கோ இருக்கும் அந்நியர் அல்ல, லினக்ஸ் வீட்டுப் பிள்ளையேதான் :-)

இப்படிப்பட்ட காவல் நிரலுக்கும் விலை உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. 2019-இல் ஜிசிசி கம்பைலரின் 9-ஆம் பதிப்பு இந்தத் துடைக்கும் நிரலைப் பார்த்து எச்சரிக்கை கொடுத்தது. அதை அடக்குவதற்காக முறையைத் தலைகீழாக்கினார்கள். முன்பு 'இவற்றைத் துடை' என்ற பட்டியல். இப்போது 'இவற்றைக் காப்பாற்று, மற்றதெல்லாம் துடை' என்ற பட்டியல். புதுப் பட்டியலில் செக்யூர் பூட் நிலையைச் சொல்லும் கட்டம் விட்டுப்போயிற்று. செக்யூர் பூட் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று கெர்னல் கை விரித்தது. சில வாரங்களில் சரி செய்தார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்: பாருங்கள், பழையதைக் காப்பாற்றப் போய்ப் புதியதைக் கெடுத்துக்கொண்டீர்கள்! உண்மைதான். ஆனால் கெட்டது எங்கே என்று உடனே தெரிந்ததற்குக் காரணம், இந்த வேலை முழுவதும் ஒரே ஒரு சின்னக் கோப்பில், ஒரே ஒரு செயற்கூறில் இருந்ததுதான். கெர்னல் முழுக்க 'பழைய பூட்லோடராக இருந்தால் இப்படி' என்று இறைத்து வைத்திருந்தால் கதையே வேறு.

இதைவிட முக்கியமான ஒரு சம்பவம் 2018-இல் நடந்தது. ஏசிபிஐ அட்டவணை மெமரியில் எங்கே இருக்கிறது என்பதைப் பூட்லோடரே சொல்லட்டும் என்று ஒரு புதுக் கட்டத்தைத் தலைப்பகுதியில் சேர்த்து, நெறிமுறையின் எண்ணை 2.14 ஆக்கினார்கள். 4.20 கெர்னல் உருவாகிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கட்டத்துக்கு அது இடமில்லை என்று ஆட்சேபம் வந்தது, மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். கட்டத்தைப் படிவத்தில் வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் தொல்லை விடவில்லை. படிவத்தைச் சரியாகப் பூஜ்ஜியமாக்காத பூட்லோடர் உள்ள கணினி ஒன்று எழுந்திருக்க மறுத்தது, எனவே துடைக்கும் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள்.

சரி, 2.14 என்ற எண் என்ன ஆயிற்று? சோதனைப் பதிப்போடு நின்றுபோன எண்தானே, அடுத்த மாற்றத்துக்கு அதையே வைத்துக்கொண்டிருக்கலாமே? வைத்துக்கொள்ளவில்லை. அந்த எண்ணைத் தாங்கிய கெர்னல் ஒன்று எங்காவது ஒரு டிஸ்கில் இருக்கலாம். இரண்டு அர்த்தம் உள்ள எண்ணால் ஏதோ ஒரு பூட்லோடர் குழம்பலாம். ஆகவே 2.14-ஐ யாரும் பயன்படுத்தக் கூடாது, எங்காவது கண்டால் 2.13 என்றே கொள்ளவும் என்று ஆவணத்தில் எழுதிவிட்டு 2.15-க்குத் தாவினார்கள். ஒரு எண்ணை எரித்துவிட்டார்கள், அவ்வளவுதான் செலவு. இது கஞ்சத்தனம் இல்லாத, ஆனால் மலிவான மரியாதை.

இனி ஏஆர்எம் பக்கம் பார்க்கலாம். அங்கே நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் பயாஸ் போன்ற பொதுவான ஏற்பாடு அங்கே இல்லை. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பூட்லோடர். ஆதியில் நிலையான அளவுள்ள ஒரு படிவம் இருந்தது. பிறகு ஏடேக் என்ற பட்டியல் முறை வந்தது. ஒவ்வொரு துண்டிலும் அதன் நீளமும் வகை எண்ணும் இருக்கும், தெரியாத துண்டைத் தாண்டிப் போய்விடலாம். நல்ல வடிவமைப்பு. பழைய படிவ முறை 2001-இல் காலாவதி என்று அறிவிக்கப்பட்டது. ஐந்து வருடம் வரை வைத்திருப்போம் என்றார்கள். அதாவது 2006 வரை. 2020 டிசம்பரில் வெளியான 5.10 கெர்னலைத் திறந்து பாருங்கள். அந்த முறைக்கான தேர்வு அப்போதும் இருந்தது. சில பழைய பூட்லோடர்கள் இன்னும் இதைப் பயன்படுத்துகின்றன என்று அதன் குறிப்பே சொன்னது! கெடு வைப்பவர்கள் கெர்னல்காரர்கள், ஆனால் பூட்லோடர் சாகும் தேதியைத் தீர்மானிப்பது அது உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி.

இவ்வளவு காலம் தாங்கியதற்குக் காரணம் தியாக உள்ளம் அல்ல. பழைய படிவத்தை ஏடேக் பட்டியலாக மாற்றித் தரும் ஒரு சின்னக் கோப்பு தனியாக இருந்தது. மாற்றம் முடிந்த பிறகு கெர்னலின் மற்ற பகுதிகளுக்குப் பழைய படிவம் என்ற ஒன்று இருந்ததே தெரியாது. வாசலில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே எல்லோரும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஏஆர்எம் நிரல் பெருகிக் குழம்பிக் கிடப்பதாகக் கடிந்துகொண்ட பிறகு, அந்த உலகம் டிவைஸ் ட்ரீ முறைக்கு மாறத் தொடங்கியது. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்ற விவரத்தைக் கெர்னல் நிரலில் எழுதாமல் தனிக் கோப்பாகத் தருவது அது. அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது. ஏடேக் மட்டுமே தெரிந்த பூட்லோடர்களை என்ன செய்வது? பதிலும் அதே மாதிரி. கெர்னலின் வாலிலேயே டிவைஸ் ட்ரீயை ஒட்டிவைக்கலாம்; கெர்னலை விரித்துப் பிரிக்கும் ஆரம்ப நிரல், பூட்லோடர் தந்த ஏடேக் பட்டியலைப் படித்து, மெமரி அளவு, கட்டளை வரி முதலியவற்றை அந்த ட்ரீயில் பொருத்திவிடும். வந்திருப்பது ஏடேக்கா டிவைஸ் ட்ரீயா என்று கண்டுபிடிக்க அடையாள எண் இருக்கிறது. (டிவைஸ் ட்ரீயின் அடையாள எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 'டூட் ஃபீட்' என்று படிக்கலாம். நிரலாளர் நகைச்சுவை!) பவர்பிசியிலும் இதே வழிதான். பழைய யூ-பூட் தரும் தகவலை டிவைஸ் ட்ரீயாக மாற்றும் உறை ஒன்றைக் கெர்னலுக்கு வெளியே சுற்றிவிட்டார்கள்.

இதனால் யாருக்கு லாபம்? 2009 கடைசியில் வந்த நோக்கியா என்900 போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நோலோ பூட்லோடர் மூல நிரல் தரப்படாதது, ஏடேக் மட்டும் பேசுவது. நோக்கியாவின் கைபேசித் தொழில் 2014-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. அந்த நோலோவுக்கு டிவைஸ் ட்ரீ சொல்லித்தர இனி யார் வருவார்? "பூட்லோடரைப் புதுப்பித்துக்கொள்" என்று என்900 வைத்திருப்பவரிடம் சொன்னால், "போனைத் தூக்கி எறி" என்று சொன்னதாகத்தான் அர்த்தம். வாசலில் மொழிபெயர்ப்பாளர் இருந்ததால்தான் அந்தப் போனில் தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் புதுக் கெர்னல்கள் ஓடின. பூட்லோடரைப் பூட்டி விற்ற எத்தனையோ போன், ரவுட்டர், செட்டாப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதி.

சாதாரணக் கணினியிலாவது பூட்லோடரைப் புதுப்பிப்பது விளையாட்டா என்றால் அதுவும் இல்லை. 2020 ஜூலையில் க்ரப்-2 இல் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அவசரமாக வந்த திருத்தத்தைப் போட்ட ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் கணினிகள் பல எழுந்திருக்கவே இல்லை. 2024 ஆகஸ்ட்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய பூட்லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பலருடைய லினக்ஸ் திறக்க மறுத்தது. கெர்னலைப் புதுப்பித்துக் கெட்டுப்போனால் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம். பூட்லோடர் கெட்டுப்போனால் மெனுவே வராது. கணினியில் எல்லாவற்றையும்விடக் கடைசியாகத் தொட வேண்டியதை முதலில் மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸில் கிட்டத்தட்ட வேதவாக்கு. பூட்லோடர் பயனர் நிரல் அல்ல, எனவே அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சட்டப் புத்தகப்படி சரியாக இருக்கலாம். ஆனால் உடைந்தால் ஏற்படும் நஷ்டத்தை வைத்துப் பார்த்தால், பூட்லோடருக்குத்தான் அந்த விதி இன்னும் கடுமையாகப் பொருந்த வேண்டும்.

அப்படியானால் எதையுமே நீக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. யாரும் சோதித்துப் பார்க்காத நிரல் இருந்தும் பிரயோஜனமில்லை. வேலை செய்கிறது என்று நம்ப வைத்து ஏமாற்றும். வெளியிலிருந்து வரும் தரவை நம்பும் நிரல் என்பதால் பாதுகாப்பு ஆபத்தும் உண்டு. ஃப்ளாப்பியிலிருந்து கெர்னல் தானே பூட் ஆகும் வசதியை 2.6 வரிசையில் எடுத்தார்கள், சரியான முடிவு. கெர்னல் பெரிதாகிவிட்டது, ஃப்ளாப்பியில் கொள்ளாது. எடுத்த விதமும் பாராட்டத்தக்கது. அப்படியே வெட்டிப் போட்டுவிடாமல், யாராவது பழைய முறையில் முயன்றால் "பூட்லோடரைப் பயன்படுத்துங்கள்" என்று திரையில் சொல்லும் சின்ன நிரலை அந்த இடத்தில் விட்டுவைத்தார்கள். அந்தச் செய்தி ஏறக்குறைய இருபது வருடம் அங்கேயே காத்திருந்துவிட்டு, 2023-இல்தான் அதையும் எடுத்தார்கள். நீக்குவதென்றால் இப்படி நீக்க வேண்டும். கறுப்புத் திரையைக் காட்டிவிட்டுப் போவது அல்ல.

புதிதாகத் தொடங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது என்று நினைப்பவர்களும் உண்டு. 64-பிட் ஏஆர்எம் அப்படித்தான் தொடங்கியது. 2012 டிசம்பரில் வந்த 3.7 கெர்னலில் சேர்ந்த அதற்கு ஏடேக் கிடையாது, பழைய படிவம் கிடையாது, டிவைஸ் ட்ரீ ஒன்றே வழி. சிலேட்டைக் கழுவி எழுதிய மாதிரி. ஆனால் கெர்னலை மெமரியில் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லும் கட்டத்தில், பைட்டுகளை எந்த வரிசையில் எழுதுவது என்று குறிப்பிட மறந்துவிட்டார்கள். 2014-இல் வந்த 3.17-இல்தான் அதைத் திருத்தினார்கள். அதனால் இரண்டே வருடத்தில் அந்தச் சுத்தமான ஆவணத்திலும் ஒரு வரி ஏறிவிட்டது: கெர்னலின் அளவைச் சொல்லும் கட்டம் பூஜ்ஜியமாக இருந்தால் அது பழைய கெர்னல், 512 கேபி தள்ளி வைத்ததாகக் கொள்ளவும்.